60 வயது காருக்குப் புது பிரேக்!

ஓடாத காரால் யாருக்கும் ஆபத்து இல்லை. நிற்காத கார்தான் ஆபத்து!

அமெரிக்காவில் போர்டு கம்பெனி "மஸ்டாங்" என்று ஒரு கார் தயாரித்தது. 1964-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி அது விற்பனைக்கு வந்தது. விலை 2,368 டாலர். போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். 2 ஆண்டுக்குள் 10 லட்சம் கார்கள் தயாராகிவிட்டன!

அந்தப் பழைய கார்களைப் பலர் இன்றும் குழந்தை மாதிரி பாதுகாக்கிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். என்ஜினைப் புதுப்பிக்கிறார்கள். பிரேக் மட்டும் பழையபடியே கிடக்கிறது. பெயிண்ட் பளபளப்பது ஊருக்கே தெரியும். பிரேக் யார் கண்ணில் படுகிறது?

ஒரே வழி

டிரைவர் பெடலை மிதிக்கிறார். "மாஸ்டர் சிலிண்டர்" என்ற உருளையில் இருக்கும் பிரேக் ஆயில், குழாய் வழியாகச் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கொண்டு போகிறது. அங்கே "டிரம்" என்ற வட்டப் பெட்டிக்குள் பிரேக் ஷூக்கள் விரிந்து உரசுகின்றன. கார் நிற்கிறது.

1966 வரை வந்த மஸ்டாங்கில் 4 சக்கரத்துக்கும் ஆயில் போக ஒரே வழிதான். ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் போதும். பெடல் தரையைத் தொட்டுவிடும். ஒரு சக்கரத்திலும் பிரேக் பிடிக்காது! கை பிரேக்தான் கதி.

1967 மாடலில் அந்த வழியை இரண்டாகப் பிரித்தார்கள். முன் சக்கரங்களுக்கு ஒன்று. பின் சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும். 1968-ல் அமெரிக்க அரசாங்கம் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

இந்த இரட்டைச் சிலிண்டரைப் பழைய காரிலும் மாட்டலாம். "காரின் அசல் தன்மை கெட்டுவிடுமே!" என்று சிலர் தயங்குகிறார்கள். பானெட்டைத் திறந்தால் அல்லவா அது தெரியும்? உயிரை விட அசல் பெரிதா?

டிஸ்க் பிரேக்

மலை இறக்கத்தில் டிரம் சூடேறினால் பிடி தளரும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. சைக்கிள் பிரேக் கட்டைகள் ரிம்மைக் கவ்வுவது போல, சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்வும். காற்று படுவதால் சூடு சீக்கிரம் ஆறும்.

முன் சக்கரத்தில் டிஸ்க்கை மாட்டினால் மட்டும் போதாது. மாஸ்டர் சிலிண்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வேண்டும். அது இல்லாவிட்டால், சட்டென்று மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும்!

ஆயில் விஷயத்திலும் கவனம் தேவை. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துவிடும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்தது போல் இருக்கும். 2 ஆண்டுக்கு ஒரு முறை புது ஆயில் ஊற்றுவது நல்லது.

வேலை முடிந்த காரை உடனே கடைத்தெருவுக்கு ஓட்டக் கூடாது. காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, பல முறை நிறுத்திப் பார்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும்.