கலவரமா, உள்நாட்டுப் போரா, வன்கொடுமையா?



தியாகி இமானுவேல் சேகரன் நினைவாக வானகரத்தில் கூடியிருக்கிறோம். அவர் கொலையை ஒட்டி நடந்தவற்றை ஏடுகள் 'முதுகுளத்தூர் கலவரம்' என்கின்றன. நம் மேடைகளில் சிலர் அதையும் அதன் பின் வந்தவற்றையும் 'உள்நாட்டுப் போர்' என்கிறார்கள். கலவரம் என்ற சொல் கொலையைச் சிறிதாக்கிவிடுகிறதே என்ற கோபத்தில் வரும் சொல் அது. கோபம் நியாயமானது. சொல் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

அந்தச் சொல்லுக்கு அம்பேத்கரையே சாட்சிக்கு அழைக்கலாம். பாகிஸ்தான் கோரிக்கை பற்றி 1940இல் வெளியிட்ட நூலில், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளின் இந்து–முஸ்லிம் மோதல்களை வரிசைப்படுத்தி, அவற்றை உள்நாட்டுப் போர் என்றே அவர் வகைப்படுத்தினார். ஆனால் 1936இன் 'சாதி ஒழிப்பு' உரையில் வேறு நிகழ்வுகள் வருகின்றன. கவிதா கிராமத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்ற கட்டளை, ஜானுவில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த பெண்கள் மீது தாக்குதல், சக்வாராவில் விருந்தில் நெய் பரிமாறியதற்கு அடி. இவற்றை அவர் கொடுங்கோன்மை என்ற தலைப்பில் வைத்தார். இரண்டு வகை வன்முறைக்கு இரண்டு பெயர். முதலாவதில் இரு சமூகங்களும் திருப்பி அடிக்கக்கூடியவை. இரண்டாவதில் ஒரு பக்கத்திடம்தான் நிலம், ஆள்பலம், கிணறு எல்லாமே இருந்தன. நாம் அதை அப்படித்தான் வாசிக்கிறோம்.

சர்வதேசச் சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. (மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம், தேர்வுக்கும் உதவும்.) 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான மூன்றாம் பிரிவு, நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதலுக்கு உரியது. 1977இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறை, கலவரங்களையும் அங்கொன்றும் இங்கொன்றுமான வன்செயல்களையும் அந்தக் கணக்கில் சேர்க்காது. இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை. வன்முறை நீடித்ததாக இருக்க வேண்டும், மோதுவோர் அமைப்பாகத் திரண்ட ஆயுதக் குழுக்களாக இருக்க வேண்டும் என்று யுகோஸ்லாவியா தீர்ப்பாயம் 1995இல் விளக்கியது. போர்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் ஆயிரம் சாவு என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். நமக்கு முக்கியம் அந்த எண்ணோடு வரும் இன்னொரு நிபந்தனை: இரு தரப்புக்கும் எதிர்த்து நிற்கும் வலு இருக்க வேண்டும்.

இலங்கையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டது ஆயுத மோதல். அதைக் காரணம் காட்டி கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடி எரித்தது போர் அல்ல, படுகொலை. 2009 மே வரை நீண்ட போர் வேறு, அந்த ஜூலை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், எரிக்கப்பட்ட கடைக்காரரும் போராளி ஆகிவிடுவார்.

இனி 1957க்கு வருவோம். செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்களின் பிரதிநிதியாக இமானுவேல் சேகரன் அதில் உட்கார்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின் வீடுகள் எரிந்தன, இரு பக்கமும் உயிர்கள் போயின. கீழத்தூவலில் காவல்துறை சுட்டதில் மறவர் ஐவர் இறந்தனர். திருப்பி அடித்தல் நடந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்தில் சமமாக உட்கார்வதே சச்சரவான ஓரிடத்தில், இரு தரப்பும் சமம் என்று வைத்துக்கொண்டு 'போர்' என்பது எப்படிப் பொருந்தும்?

கீழ்வெண்மணியில் இந்த 'இரு தரப்பு' என்ன செய்தது என்பதை நீதிமன்ற ஏடுகளே சொல்லும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் மிராசுதார் பக்கம் ஒருவர் இறந்ததற்குத் தனி வழக்கு. அதில் கூலித் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எரித்த வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியான நிலக்காரர்கள் தாமே நேரில் போயிருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. மோதல் என்று பார்த்தால் இரண்டு வழக்கு, இரண்டு தரப்பு. எரிந்தது ஒரு தரப்பு மட்டும்தான்.

போருக்கு மிக அருகில் போனது பீகார். 1994இல் உருவான ரண்வீர் சேனா ஒருபுறம், நக்சல் அமைப்புகள் மறுபுறம், இரு பக்கமும் துப்பாக்கி. ஆனாலும் 1997 டிசம்பர் 1 இரவு லட்சுமண்பூர் பாத்தேயில் கொல்லப்பட்ட 58 பேர் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்ல. பெண்களும் குழந்தைகளும் அவர்களில் அடக்கம். விசாரணை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

போர் என்று பெயர் வைத்தால் இன்னொன்றும் கூடவே வரும். முன்பு சொன்ன அதே 1977 நெறிமுறை, சண்டை முடிந்ததும் பங்கேற்றவர்களுக்கு இயன்ற அளவு பொதுமன்னிப்பு வழங்க முயலச் சொல்கிறது. நம் ஊர்ச் சமாதானக் கூட்டங்கள் அந்த மன்னிப்பைத் தீர்ப்புக்கு முன்பே கேட்கின்றன.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது. செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்பதை அது குழப்பாது. 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே தவறும் பட்டியலினத்தவர் அல்லாத அரசு ஊழியரையும் குற்றவாளி ஆக்குகிறது. போரில் அரசு ஒரு தரப்பாகவோ வேடிக்கை பார்ப்பவராகவோ இருக்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் அது பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மை அறியும் குழுவில் போகும் மாணவர்கள் முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். இந்தச் சட்டத்தின் பிரிவுகள் உள்ளனவா, அதே நாளில் எதிர் வழக்கு பதிந்தார்களா, இரண்டிலும் நேரம் என்ன? 1995 விதிகளின்படி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நிகழ்விடம் வர வேண்டும். வந்தார்களா, வந்து விசாரித்தார்களா, அல்லது சமாதானக் கூட்டம் போட்டுவிட்டுப் போனார்களா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.