பருப்பு செய்த குற்றம் என்ன?

கவுட் நோயாளிகளுக்குக் கிடைக்கும் பத்தியப் பட்டியல், பல வீடுகளில் தவறான உணவைத் தட்டிலிருந்து விரட்டுகிறது

ஞாயிற்றுக்கிழமை என்றால் வங்காளிக்குக் காலையில் மீன் சந்தை, மதியம் ஆட்டிறைச்சி. வாரத்தில் ஒரு நாள் மீன்தலை போட்ட பாசிப்பருப்பு. இப்படி நாற்பது வருடம் சாப்பிட்டவருக்கு ஒரு பின்னிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்குகிறது. போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9 என்று வருகிறது. மறுவாரமே சமையலறையில் ஒரு பட்டியல் ஒட்டப்படுகிறது: மீன், மாமிசம் கூடாது. மசூர் பருப்பு, ராஜ்மா, பாலக் கீரை, காலிபிளவர், காளான் எதுவும் கூடாது. கொல்கத்தாவில் மட்டுமல்ல, லூதியானாவிலும் ஹைதராபாத்திலும் கோவையிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

பட்டியலின் முதல் பாதி சரி. பிற்பாதிக்குத்தான் ஆதாரம் இல்லை.

பியூரின் என்ற பொருள் உடைந்து உருவாகும் கழிவுதான் யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் கரைத்து வெளியேற்றும் என்சைம் உண்டு. மனிதனுக்கு அது இல்லை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மி.கி.க்கு மேல் போனால் அமிலம் படிகமாகலாம். உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ச்சியான பெருவிரல் மூட்டு அதற்குத் தோதான இடம்.

பியூரின் எதில் அதிகமோ அதையெல்லாம் விலக்கு என்பது பழைய கணக்கு. இந்தக் கணக்கை அசைத்தது 2004ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு. 47,150 அமெரிக்க ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்ததில் 730 பேருக்கு கவுட் வந்தது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. பியூரின் மிகுந்த காய்கறி, பருப்பு வகைகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால், தயிர் எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது.

ஆக, உண்மையான குற்றவாளிகள் வேறு. ஹைதராபாத்தில் விடிகாலையில் சாப்பிடும் பாயாவும் நிஹாரியும், ஈரல், மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சிகளும், மத்தி, நெத்திலி போன்ற மீன்களும் அந்த வரிசையில் வரும். பீர் இரட்டைக் குற்றவாளி: அதிலேயே பியூரின் உண்டு, ஆல்கஹாலோ அமிலம் வெளியேறுவதைத் தடுக்கிறது. விஸ்கி, ரம்முக்கு மாறியவர்களும் தப்பிவிடவில்லை. யாரும் சந்தேகிக்காத ஆசாமி சர்க்கரை போட்ட குளிர்பானம். தினம் இரண்டும் அதற்கு மேலும் குடித்த ஆண்களுக்கு, எப்போதோ குடிப்பவர்களைவிட கவுட் ஆபத்து 85 சதவீதம் அதிகம் என்று 2008ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஆய்வு ஒன்று சொன்னது. சர்க்கரையில் உள்ள ஃப்ரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம் உருவாகிறது. பருப்பைத் துறந்து ஜூஸுக்கு மாறும் நோயாளி எலியை விரட்டப் பாம்பை வளர்க்கிறார்.

வங்கத்தில் ஒரு காலத்தில் ஆசாரமான குடும்பத்து விதவைகளுக்கு மீனோடு மசூர் பருப்பும் மறுக்கப்பட்டது. அது வேறு கொடுமை. ஆனால் மசூருக்கு ராசி அப்படி!

இந்தத் தடையால் அதிகம் அடிபடுவது சைவர்கள். மாமிசத்தைத் தொட்டே இராத குஜராத்தி வியாபாரிக்கும் கவுட் வருகிறது. பருமன், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதற்கு வழிவிடும். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில நீர்ப்பெருக்கி மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை ஏற்றும். ஆனால் வீட்டில் பழி பருப்பின் மேல். பருப்பும் ராஜ்மாவும் போனால் அவர் தட்டில் மிஞ்சுவது சாதமும் ரொட்டியும் உருளைக்கிழங்கும். புரதம் குறைகிறது, எடை ஏறுகிறது, கூடவே யூரிக் அமிலமும். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பட்டினி கிடந்தாலும் வினைதான்: திடீர்ப் பட்டினி அமிலத்தை உயர்த்தி வலியைக் கிளப்பிவிடும். மெதுவாகக் குறைப்பதே நல்லது.

சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடலே தயாரிக்கிறது. கடும் பத்தியம் இருந்தாலும் பொதுவாகக் குறைவது 1 மி.கி. அளவுதான். 9ல் இருப்பவர் 8க்கு வருவார். வர வேண்டியதோ 6க்குக் கீழே. ஆளுக்கு ஆள் காணப்படும் அளவு வித்தியாசத்தில் உணவின் பங்கு மிகச் சொற்பம், பரம்பரையின் பங்கு பல மடங்கு அதிகம் என்று 2018ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. வலி திரும்ப வரும்போதெல்லாம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று விசாரணை நடத்தும் வீட்டார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நோயாளி திருட்டுத்தனமாகத் தின்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடிக்கடி வலி வருபவர்களுக்குத் தேவை மருந்து. 1966 முதல் புழக்கத்தில் இருக்கும் அலோபியூரினால், விலை அதிகமில்லாத மாத்திரை. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் நம்மவர்கள் வலி வந்தால் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குகிறார்கள். வலி போனதும் பத்தியத்துக்குத் திரும்புகிறார்கள். இப்படிப் பல வருடம் கழிந்தால் மூட்டில் சுண்ணாம்புக் கட்டி போல உப்பு படிகிறது, வலி மாத்திரையோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது.

அலோபியூரினாலைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். முதல் சில மாதங்களில் படிகங்கள் கரையும்போது வலி கூடுதலாகவே வரலாம். அதற்குப் பாதுகாப்பாக கோல்ச்சிசின் சேர்த்துத் தருவதுண்டு. பலர் மருந்தைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.