ஈர மண்ணில் வாடும் உருளை

“மண் ஈரமாக இருக்கிறது. இலையும் பச்சைதான். ஆனாலும் உச்சிவெயிலில் உருளைச் செடி தலை தொங்கிவிடுகிறது. உரம் போதவில்லையா?” என்று நீலகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உரக்கடைக்கு ஓடுமுன் ஒரு கண்ணாடி டம்ளரை எடுங்கள்.

வாடிய செடியின் தண்டைத் தரையையொட்டி அறுத்து, டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடியுங்கள். ஆட்டக்கூடாது. சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழைகள் கீழே இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சோலனேசியாரம் என்னும் நுண்ணுயிர் கோடிக்கணக்கில், தன் கோழையோடு வழிந்துகொண்டிருக்கிறது. பூஞ்சையால் வரும் வாடலில் இந்த இழை வராது. எத்தனையோ நவீனச் சோதனைகள் வந்துவிட்டன. எனக்கென்னவோ இந்த டம்ளர்மேல்தான் மோகம். நுண்ணோக்கி இல்லாமல் பாக்டீரியாக் கூட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

வேரில் உள்ள காயம் வழியே நுழையும் இந்தக் கிருமி, எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை அடக்கி வாசிக்கும். தாங்கள் வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் அளவைக் கொண்டு, கூட்டம் சேர்ந்துவிட்டதை உணர்ந்த பிறகே அவை கோழையை ஏராளமாகச் சுரக்கின்றன. என் மாடித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைத்தால், தொட்டி நிறைய நீர் இருந்தும் செடி காயும். தண்டின் நீர்க்குழாய்களை இந்தக் கோழை அடைப்பதும் அப்படித்தான். கிழங்கை வெட்டினால் பழுப்பு வளையம் தெரியும். அழுத்தினால் கோழை கசியும்.

வாடிய செடியை மீட்க மருந்து கிடையாது. சிலர் ஆன்டிபயாடிக் பொடியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். காசும் போய், மனிதருக்கு வேண்டிய மருந்தும் மண்ணில் வீணாகிறது. செடியைக் கிழங்கோடும் வேரோடும் தோண்டி அழிப்பதுதான் வழி.

குளிர்ந்த இடங்களில் செடி வாடாமலேயே கிருமி கிழங்குக்குள் தங்கியிருக்கும். ஆகவே நோய் கண்ட வயலின் கிழங்கை, பார்க்க நன்றாயிருந்தாலும், விதைக்கு எடுக்காதீர்கள். விதைக்கிழங்கை வெட்டாமல் முழுதாக நடுங்கள். ஒரு கிழங்கின் நோயை அடுத்ததற்குக் கொண்டுபோவது கத்திதான். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த வயலில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். பூண்டு, முட்டைக்கோஸ் போடலாம். தானாக முளைக்கும் உருளையையும் பிடுங்கிவிடுங்கள்.

1995இல் நெதர்லாந்தில் இந்நோய் பரவியபோது, நீரோடைக் கரையில் வளரும் ஒரு களைச்செடியில் கிருமி பிழைத்திருந்து, பாசன நீரில் கலப்பது தெரியவந்தது. ஓடை நீரை உருளைக்குப் பாய்ச்ச அங்கே தடை விதித்தார்கள். நம் மலையிலோ அழுகிய கிழங்கை மூட்டையோடு ஓடையில் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழ் வயல்காரர் தன் செடிக்குப் பாய்ச்சுகிறார்.