தளபாடமிட்ட வாடகை வீடு: நமதூரில் ஆள் இருக்கிறதா?

"மேல்மாடியைக் கட்டி முடித்தாயிற்று. கட்டில், பிரிட்ஜ், ஏஸி எல்லாம் போட்டு மூன்று மாதம், ஆறு மாதம் என்று வாடகைக்குக் கொடுத்தால் என்ன காக்கா?" கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அண்மையில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் நால்வர். மூவர் கடை வைத்திருப்பவர்கள். மற்றவர் கத்தாரில் உழைத்து வந்தவர்.

யோசனை கொழும்பிலிருந்து வந்தது. வெள்ளவத்தை, தெஹிவளையில் இத்தகைய வீடுகளுக்கு ஆள் உண்டு. வெளிநாட்டில் குடியேறியவர்கள் விடுமுறையில் வருகிறார்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகத் தூர ஊர்களிலிருந்து வருவோர் வாரக்கணக்கில் தங்க வேண்டியுள்ளது. ஆனால் நமதூருக்கு விடுமுறையில் வருபவர் ராத்தா வீட்டிலோ மாமி வீட்டிலோதான் தங்குவார். வாடகை வீடு எடுத்தால் குடும்பத்தில் பேச்சு வந்துவிடும்.

அப்படியிருந்தும் நம்மவர்கள் குறுகிய தவணையை விரும்புவதற்குச் சரியான காரணம் ஒன்று உண்டு. கிழக்கில் வீடு மகளுக்குரியது. மகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போதே அத்திவாரம் போடுகிறோம். வீடு முடிந்து கல்யாணம் வரும்வரை சில வருடங்கள் அது சும்மா கிடக்கிறது. நீண்ட காலத்துக்குக் கொடுத்து, கல்யாண நாள் குறித்த பிறகு குடியிருப்பவர் எழும்ப மறுத்தால் என்ன செய்வது? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது வீட்டுக்காரரின் தேவை. வாடகைக்கு வருபவரின் தேவை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005 இல் தொண்டு நிறுவனங்கள் கரையோரமெங்கும் வந்திறங்கின. கேட்ட வாடகையைக் கொடுத்தன. அதைப் பார்த்து மாடி கட்டியவர்களும் உண்டு. திட்டங்கள் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், வாடகையும் இறங்கியது. வெளியிலிருந்து பணம் வந்தபோது தோன்றிய கேள்வி அது. நாம் அளக்க வேண்டியது, எவரும் உதவிக்கு வராத சாதாரண வருடத்தில் ஊருக்குள் இருக்கும் கேள்வியை.

அதை அளக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை, கால்நடையாகவே அளக்கலாம். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பிரதான வீதியின் வங்கிகள் என்று சுற்றி வாருங்கள். வெளியூரார் எத்தனை பேர், இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள், மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தரகரைக் கடைசியாகக் கேளுங்கள். ஆள் இல்லை என்று எந்தத் தரகரும் சொல்லமாட்டார். ஆட்டோக்காரர்களுக்கு உண்மை நன்றாகத் தெரியும்.

நான் விசாரித்த வரையில் வெளியூர் உத்தியோகத்தர் பலர் தனியாள்கள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்கள். மூன்று நான்கு பேர் கூடி ஒரு வீட்டை எடுத்துச் செலவைப் பங்கிடுகிறார்கள். சோபா செட்டுக்காக அவர்கள் கூடுதலாக ஒரு சதமும் தரமாட்டார்கள். அவர்கள் கேட்பது கட்டில், மேசை, மின்விசிறி, தனிக் குளியலறை, நல்ல தண்ணீர். குடும்பத்தோடு வரும் வைத்தியர், விரிவுரையாளர், வீட்டை உடைத்துக் கட்டும்போது சில மாதம் ஒதுங்க இடம் தேடுபவர் ஆகியோருக்கே முழு வீடு தேவை. இவர்கள் தொகை குறைவு. அரச ஊழியர்களின் வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால் தேடுவதும் ஒரே காலத்தில்தான். மார்ச்சில் காலியாகும் வீடு நெடுநாள் காத்திருக்கலாம்.

இனிக் கணக்கு. உதாரணமாக, வெறும் வீட்டுக்கு மாதம் 25,000 ரூபா, தளபாடமிட்டால் 45,000 என்று வைப்போம். தளபாடச் செலவு 9 இலட்சம். வெறும் வீடு வருடம் முழுக்க ஓடினால் 3 இலட்சம். தளபாட வீடு 8 மாதம் ஓடினால் 3 இலட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 60 ஆயிரம்தான். போட்ட 9 இலட்சத்தை எடுக்க 15 வருடம் வேண்டும். அதற்குள் மெத்தை இரண்டு தடவை போய்விடும். 10 மாதம் ஓடினால் மிச்சம் 1½ இலட்சம், முதல் திரும்ப 6 வருடம். 7 மாதத்துக்குக் கீழே போனால் வெறும் வீட்டை விட நட்டம். அதே 9 இலட்சத்தைக் கடையில் சரக்காகப் போட்டால் வருடத்தில் எத்தனை சுற்று வரும் என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

கத்தார் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான்: மாடியை இரண்டு அறைத் தொகுதியாகப் பிரித்து, முதலில் ஒன்றுக்கு மட்டும் அத்தியாவசியப் பொருள் போடுங்கள். "இருந்தால் நல்லதுதான்" என்பவர்களை எண்ண வேண்டாம். முற்பணம் நீட்டுபவர்களை மட்டும் எண்ணுங்கள். ஜனவரியில் மூன்று பேர் முற்பணத்தோடு வந்தால் இரண்டாவதைத் தொடங்கலாம். மகளின் கல்யாணத்தின்போது நடுச்சுவரை எடுத்துவிடலாம்.

ஒப்பந்த விடயத்தில் நம்மவர்கள் கவலையீனம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். மூன்று மாதம்தானே என்று வாய்ப்பேச்சில் கொடுப்பவருக்கு, ஆள் எழும்பாதபோது காட்ட எதுவும் இருக்காது. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கென 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டமும் வந்துள்ளது. அதன் பயன் கிடைக்க ஒப்பந்தம் எப்படி அமைய வேண்டும் என்பதையும் நொத்தாரிசிடமே கேட்டுக் கொள்ளுங்கள். பொருட்களின் பட்டியலை, கீறல் உடைவு உட்பட, ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையொப்பமிடுங்கள்.

மாடிக்குத் தனி மின்மானி எடுக்காமல் ஏஸி பூட்ட வேண்டாம். அலகு கூடக் கூடக் கட்டணமும் ஏறும் முறை இருப்பதால், இரண்டு வீடும் ஒரே மானியில் ஓடினால் கீழ்வீட்டுப் பில்லும் சேர்ந்து ஏறும். 2022 கட்டண உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே நான் கண்ட சச்சரவுகளில் பாதி இந்த மானியால் வந்தவை.