கண்புரை ஆபரேஷன்... எந்த முறை, எந்த லென்ஸ் உங்களுக்கு?

அரிசியில் கல் பொறுக்கும் அம்மா, முறத்தோடு ஜன்னல் பக்கம் நகர்கிறாரா? ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டதும் அப்பா தடுமாறுகிறாரா? 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போகும் கண்புரையாக இருக்கலாம்.

இதைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி.

'புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்பார்கள். அது அந்தக் காலம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டால், அதுவே ஆபரேஷனுக்குச் சரியான நேரம். ரொம்ப முற்றவிட்டால் லென்ஸ் கல் மாதிரி இறுகி, ஆபரேஷன் சிரமமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பே பாதிக்கப்படலாம்.

என்னென்ன முறைகள்?

ஃபேக்கோ: 2 முதல் 3 மி.மீ. துளை போட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். மடித்த லென்ஸ் அதே துளை வழியாக உள்ளே போய் விரிந்துகொள்ளும். அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் 1967-ல் கொண்டுவந்த முறை இது. சீக்கிரம் ஆறும்.

எஸ்.ஐ.சி.எஸ்: சுமார் 6 மி.மீ. திறப்பு வழியாகப் புரையை முழுசாக எடுப்பார்கள். பெரும்பாலும் தையல் தேவையில்லை. முற்றிய புரைக்கு ஏற்றது, செலவும் குறைவு. 'கேம்ப்ல செய்யறதுதானே' என்று மட்டமாக நினைக்க வேண்டாம். ஆறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகலாம், அவ்வளவுதான்.

ஃபெம்டோ லேசர்: 'லேசர்ல புரையை எரிச்சுடுவாங்க' என்பது தப்பு. துளை போடுவதும் புரையை வெட்டிவைப்பதும் மட்டுமே லேசர் வேலை. உறிஞ்சி எடுக்க ஃபேக்கோ மெஷின் வேண்டும். செலவு அதிகம். பெரும்பாலானவர்களுக்குப் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

லென்ஸைப் பொறுத்தவரை, மோனோஃபோகல் வைத்தால் பொதுவாகத் தூரப்பார்வை தெளிவாக இருக்கும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். சிலிண்டர் பவர் அதிகமுள்ளவர்களுக்கு டோரிக். மல்டிஃபோகல் லென்ஸ் கண்ணாடித் தேவையைக் குறைக்கும். ஆனால், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டுபவர்களும், விழித்திரை பாதிப்பு உள்ளவர்களும் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

விலை கூடின லென்ஸ்தான் நல்லது என்றும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் இங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான், ஏழைகளுக்கும் அது எட்டும் விலைக்கு வந்தது.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

சுகர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை... எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். டாம்சுலோசின் போன்ற புராஸ்டேட் மாத்திரைகளால், ஆபரேஷன் நடக்கும்போது கருவிழித்திரை தளர்ந்து தொந்தரவு தரும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது. வலி, சிவப்பு அதிகமானாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். சில மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மங்கினால், 'புரை திரும்ப வந்துடுச்சு' என்று பதற வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கலாம். சில நிமிட யாக் லேசர் சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

அம்மா, அப்பாவை அழைத்துப்போகும்போது நீங்களும் டாக்டர் அறைக்குள் போங்கள். 'இவங்களுக்கு எந்த முறை, எந்த லென்ஸ், ஏன்?' என்று கேட்டுவிட்டு, அப்புறம் தேதி குறியுங்கள்.