பகடை தந்த பிறவி, நாமே எழுதும் பிறவி

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரிலிருந்து ஒரு பெட்டி வெளிவந்தது. உள்ளே பழுப்பு அட்டை போட்ட மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதுதான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நடத்துநர் ஒருவர் இருண்ட குகையையும் அதற்குள் காத்திருப்பதையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, ‘கதவைத் திறக்கிறேன்’, ‘பந்தத்தை உயர்த்திப் பார்க்கிறேன்’ என்று சொல்லுவார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும்.

வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் ஆகிய ஆறு எண்கள்தான் அன்றும் இன்றும் ஒரு பாத்திரத்தின் எலும்புக்கூடு. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அவை வந்த பிறகு அந்த ஆளின் வாழ்க்கை யார் கையில் இருக்கிறது என்பவை மட்டும் இந்த ஐம்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டன.

முதல் விதிநூலின்படி மூன்று பகடைகளை உருட்டுபவர் நடத்துநர். ஆறு முறை உருட்டுவார், விழுந்த வரிசையிலேயே எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். மந்திரவாதியாக ஆட வேண்டும் என்று ஆசையோடு வந்தவருக்கு அறிவில் 7-உம் வலிமையில் 15-உம் விழுந்தால், அன்றைக்கு அவர் பெரும்பாலும் போர்வீரர்தான். தேர்ந்தெடுக்க இருந்த தொழில்களும் மூன்றே: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. திருடன் அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூலில்தான் சேர்ந்தான். மறுபடியும் மூன்று பகடை உருட்டி, வந்ததைப் பத்தால் பெருக்கினால் கையிருப்புப் பொற்காசு. அதில் கயிறு, பந்தம், வாள் என்று வாங்கிக்கொண்டு குகைக்குள் இறங்கிவிடலாம். ஊர், பெற்றோர், பால்ய காலத்துத் துயரம் எதையும் யாரும் கேட்கவில்லை.

பெயரைக்கூடப் பெரிதாக யோசிக்கவில்லை. கைகாக்ஸின் மகன் லூக், தன் பாத்திரத் தாளில் ‘ஆண் எல்ஃப்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக எழுதியிருந்ததைச் சேர்த்துப் படித்ததில் ‘மெல்ஃப்’ என்ற பெயர் பிறந்தது. அந்த மெல்ஃபின் பெயரில் அமில அம்பு மந்திரம் ஒன்று பின்னர் விதிநூலிலேயே ஏறியது. முன்கதை எதுவும் இல்லாமல் ஆட்டத்துக்குள் வந்த ஒருவன், ஆடி ஆடித்தான் ஆட்டத்தின் வரலாற்றில் இடம்பிடித்தான்.

முன்கதை இல்லாததற்கும் அன்று மரணம் மலிவாக இருந்ததற்கும் தொடர்பு உண்டு. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவலில், அதாவது வளர்ச்சியின் முதல் படியில் நிற்கும் மந்திரவாதிக்கு நான்கு பக்கப் பகடை ஒன்றை உருட்டி உயிர்ப்புள்ளி கணக்கிட வேண்டும். 1 விழுந்தாலும் அதுதான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், ஆயுதமாக ஒரு குத்துவாள். உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் அவர் இறந்தார். விஷம் தீண்டினால் பெரும்பாலும் ஒரே ஒரு பகடை வீச்சு, தவறினால் அத்துடன் முடிந்தது. ஐந்து நிமிடத்தில் பிறந்தவர் ஐந்தாவது நிமிடத்தில் போனால் இன்னொருவரை உருட்டிக்கொண்டார்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்து ஐந்தாம் லெவலைத் தொட்ட மந்திரவாதி என்றால் மேசையில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். எந்தக் குழியில் விழுந்து எழுந்தார், எந்தக் கூட்டாளியைப் பறிகொடுத்தார் என்பதுதான் அவருடைய சரித்திரம். அது நடந்தபோது எல்லாரும் கூடவே இருந்தார்கள்.

விண்வெளியைக் களமாகக் கொண்டு 1977-இல் வந்த ‘டிராவலர்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சூதாட்டம். கடற்படையிலோ தரைப்படையிலோ இன்னும் நான்கு ஆண்டுகள் பணியாற்றினால் திறமை கூடும், ஆனால் ஒவ்வொரு முறையும் உயிர் தப்புவதற்குப் பகடை உருட்ட வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் செத்துப்போவது உண்டு. கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நாற்பது வயது வரை பிழைத்து மேசைக்கு வந்துசேரும் தளபதியின் கடந்த காலத்துக்கு உண்மையான ஒரு கனம் இருந்தது. அதை யாரும் கற்பித்து எழுதவில்லை.

இதற்காக அந்தக் காலத்தை நான் புனிதப்படுத்த மாட்டேன். தாங்கிக்கொள்ளவே கூடாத விதிகளும் அன்று இருந்தன. 1978-ஆம் ஆண்டின் ‘அட்வான்ஸ்டு’ விதிநூலில் மனிதப் போர்வீரன் வலிமையில் உச்சப் படியான 18/00 வரை போகலாம். போர்வீராங்கனை நடுப்படியான 18/50-ஐத் தாண்டக் கூடாது. டிராகன் பறக்கிற உலகத்தில் ஒரு பெண்ணின் தோள்வலிமைக்கு மட்டும் யதார்த்தம் தேவைப்பட்டது. 1989-இன் இரண்டாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கியது. அதுவரை எத்தனை பெண்கள் தங்கள் பாத்திரத்தாளின் முதல் எண்ணிலேயே அதைப் படித்திருப்பார்கள்!

எல்ஃப், டுவார்ஃப், ஹாபிட் போன்ற மனிதரல்லாத இனங்களுக்கு இருந்த தடைகள் இன்னும் நீண்ட காலம் நின்றன. 1974-இல் டுவார்ஃப் ஆறாவது லெவலுக்கு மேல் வளர முடியாது, ஹாபிட் நான்காவதோடு சரி. பின்னர் சேர்ந்த பாலடின் என்ற புனித வீரர் மனிதராகத்தான் இருக்க வேண்டும், வசீகரம் குறைந்தது 17 வேண்டும். மூன்று பகடையில் அது விழ 54-க்கு ஒரு வாய்ப்பு. மனிதர்களை மையமாகக் கொண்ட உலகத்தைத்தான் தான் விரும்புவதாக கைகாக்ஸ் வெளிப்படையாகவே வாதிட்டார். ஆனால் அதே 1974 நூலில் ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. ஆட்டக்காரர் எந்த உயிராகவும், டிராகனாகவும்கூட ஆடலாம், குட்டியாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தால் போதும் என்கிறது அது. ஆட்டத்தின் உண்மையான மனசு அந்தப் பத்தியில் இருக்கிறது என்று நம்புகிறேன். யாராக வேண்டுமானாலும் இரு, ஆனால் சிறியவனாகத் தொடங்கு.

திருப்பம் 1984-இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ சாகசத் தொடர். டிரேசி ஹிக்மனும் மார்கரெட் வைஸும் முன்நின்ற அந்தத் தொடரில் பாத்திரங்கள் ஆயத்தமாகவே கையில் தரப்பட்டன. டானிஸ், ரைஸ்ட்லின் என்று பெயரும் உறவும் ரகசியமும் உள்ளவர்கள். நாவல்களும் கூடவே வெளிவந்ததால் கதை எங்கே போக வேண்டும் என்பது தெரிந்த விஷயமாயிற்று. விதிப்படி நாயகன் அர்த்தமில்லாமல் செத்துவிட்டால் கதை நின்றுபோகும்; ஆகவே விதி வளைய வேண்டியிருந்தது. ஆட்டம் சூதிலிருந்து கதைக்கு நகர்ந்தது அங்கேதான். ஆனால் அந்தத் தொடரில் வாசகர்கள் இன்றும் மறக்காத ரைஸ்ட்லினின் குரல் எழுத்து மேசையில் பிறந்ததல்ல. ஒரு சோதனை ஆட்டத்தில் அவனாக ஆடிய டெரி ஃபிலிப்ஸ், கரகரத்த தாழ்ந்த கிசுகிசுப்பில் பேசத் தொடங்கினார். மேசையே நிசப்தமானது, ரைஸ்ட்லின் அப்போதுதான் உயிர்பெற்றான் என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இத்தனை திட்டமிட்ட படைப்பிலும் ஜீவன் வந்தது திட்டமிடாத ஒரு கணத்தில்.

2000-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு பழைய வேலிகளைப் பிடுங்கி எறிந்தது. எந்த இனமும் எந்தத் தொழிலும், லெவலுக்கு உச்சவரம்பு இல்லை. இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அதனுடன் ஒரு புதுப் பழக்கமும் புகுந்தது. சில சிறப்புத் தொழில்களுக்குள் நுழைய முன்தகுதிகள் இருந்ததால், முதல் லெவலிலேயே பத்தாவது லெவலைக் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் ‘பில்ட்’ என்று சொல்லத் தொடங்கினார்கள்: இருபது லெவலுக்கான முழு வரைபடம், எந்தத் திறன் எந்தப் படியில் என்று முன்கூட்டியே. அப்படி வரைந்தவருக்கு நடுவில் கை துண்டானாலும், கடவுள் எதிரே வந்து நின்றாலும், மாறுவதற்கு இடமில்லை. அடுத்த திறன் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

2014-இன் ஐந்தாம் பதிப்பு ஆட்டத்தை எளிமையாக்கிப் புதியவர்களுக்குக் கதவைத் திறந்தது. 27 புள்ளிகளைப் பங்கிட்டு எண்களை நாமே வாங்கிக்கொள்ளலாம். உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் உடனே மரணம் இல்லை. மூன்று முறை பகடை தவறினால்தான் உயிர் போகும், அதற்குள் ஒரு தோழரின் சிறு மந்திரம் எழுப்பிவிடும். 2015-இல் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியில் தேர்ந்த குரல் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தை ஆடுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, மேசைக்குப் பல பக்க முன்கதையோடு வருகிறது. சூறையாடப்பட்ட கிராமம், காணாமல் போன தங்கை, மறைத்துவைத்த அரச ரத்தம். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன், கேலி செய்ய மாட்டேன். ஆனால் முதல் லெவலில் நிற்கும் ஒருவரின் வாழ்க்கையில் மிகப் பெரிய சம்பவங்கள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தால், மேசையில் கூடியிருக்கும் மற்றவர்களுக்கு அதில் என்ன பங்கு?

கடைசி மாற்றம் 2024 விதிநூல். பிறந்த இனம் வலிமையையோ அறிவையோ கூட்டித் தரும் வழக்கத்தை 2020-இலேயே தளர்த்தியிருந்தார்கள். இப்போது அந்த எண்கள் வளர்ந்த சூழலோடு சேர்ந்துவிட்டன. பிறப்பால் ஒருவருக்கு அறிவு கூடும், குறையும் என்று சொல்வதை விட்டது நல்லது. ஆனால் உழவராக வளர்ந்தால் வலிமை, உடலுறுதி, விவேகம் மட்டுமே கூடும் என்றும், அறிஞர் போன்ற குறிப்பிட்ட சில சூழல்களில் வளர்ந்தவர்களுக்கே அறிவு கூடும் என்றும் அச்சடித்தால் என்ன ஆகும்? மந்திரவாதியாக விரும்புகிறவர்கள் எல்லாரும் அந்தச் சில சூழல்களிலேயே வளர்ந்திருப்பார்கள். களத்துமேட்டில் பிறந்து மந்திரம் கற்ற பெண்ணின் கதைதான் எனக்குப் பிடித்தது, அவளுக்குத்தான் இந்த விதியில் கணக்கு இடிக்கிறது.

இதற்கிடையே பழைய முறைக்குத் திரும்பியவர்களும் பலர். 2008-இல் மேட் ஃபின்ச் எழுதிய சிறு வழிகாட்டி, விதியைத் தேடாமல் அந்தந்த நேரத்து நியாயத்தை நம்பும் பழைய ஆட்டமுறையை எடுத்துச் சொன்னது. 2012-இல் வந்த ‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ ஒவ்வொருவர் கையிலும் மூன்று நான்கு எளிய ஆட்களைத் தந்துவிடுகிறது: கொல்லர், இடையர் போன்றவர்கள். எண்கள் வரிசைப்படி பகடையில் விழுந்தவை. முதல் சாகசத்தில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். பிழைத்தவர் எவரோ அவரே நாயகர். யாரும் திட்டமிட்டு உருவாக்காத அந்தக் கொல்லரை, பிழைத்த பிறகு ஆட்டக்காரர் விடவே மாட்டார்.

புதிய தலைமுறையின் மேசையிலும் இதைப் பார்க்கலாம். ‘கிரிட்டிக்கல் ரோல்’ இரண்டாம் தொடரில் டாலியசின் ஜாஃப் ஆடிய மாலிமாக் என்பவனுக்குக் கடந்த காலமே தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதைகுழியிலிருந்து எழுந்து வந்தவன்; முன்பு யாராக இருந்தேன் என்று தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை. 2018-இல், 26-ஆம் நிகழ்ச்சியில், பகடையும் விதியும் சேர்ந்து அவனைக் கொன்றன. பார்த்துக்கொண்டிருந்த பெருங்கூட்டம் கலங்கிப்போனது. அந்த இருபத்தாறு அமர்வுகளில் நம் கண்முன் நடந்ததைத் தவிர அவனிடம் வேறு வாழ்க்கை அதிகம் இல்லை.

புதிதாகக் கூடும் மேசைக்கு நான் சொல்வது இதுதான்: இனம், பால், தொழில் எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள், அங்கே யாரும் குறுக்கே நிற்க வேண்டாம். எண்களை மட்டும் மூன்று பகடையில் வரிசையாக உருட்டுங்கள், வேண்டுமானால் இரண்டை இடம் மாற்றிக்கொள்ளட்டும். முன்கதைக்கு இரண்டு வரி. மீதியை நாலாவது அமர்வுக்குப் பிறகு கேளுங்கள், அதற்குள் எழுத ஏதாவது நடந்திருக்கும்.