கிணறும் ஒரு பாடநூலே

உயர்தரப் பரீட்சையில் தேறிய மாணவனொருவன் தன் தந்தையாருடன் எம்மை நாடி வந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் பயின்று, அதிலும் சுற்றாடல் சார்ந்த பகுதியை ஆழ்ந்து கற்பது அவன் விருப்பம். "கல்லையும் மண்ணையும் படித்து என்ன பயன், மாஸ்டர்?" என வினவினார் தந்தையார். அவர்தம் வீட்டுக் கிணற்றையே எடுத்துக்காட்டாக்கி விளக்கலானோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பேராறு எதுவும் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்குகின்றது. பாரங்குறைந்த அந்நன்னீர், பாரமிக்க கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது பரந்திருக்கும் என்பது கணக்கு. அளவின்றி இறைத்து அந்த ஓரடியை இழப்போமாயின், அடியிலுள்ள உவர் காலப்போக்கில் மேலேறிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் கண்கண்ட சான்றாகும்.

இன்னுமொன்று. தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கழிவும் அவ்வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிகுந்த நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதைத் தாய்மார் மனங்கொள்வாராக.

மலைநாட்டிலோ, நிலத்தின் வெடிப்பும் மரங்களின் சாய்வும் திடீரெனக் கலங்கிய ஊற்றும் உயிர்காக்கும் குறிகள். 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. தொழிலாளர் பலர் குடும்பத்தோடு மாண்டனர். ஆபத்து பற்றிய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், எச்சரிக்கப்பட்டோருக்குக் குடிபெயர ஓரிடமும் வேண்டுமன்றோ? நிலத்தைக் கற்றவன் மக்கட்காகப் பேசவும் கற்றல் வேண்டும் என்பதே எம் துணிபு.

இக்கல்விக்கு இரசாயனமும் பௌதிகமும் கணிதமும் துணைநிற்க வேண்டும். சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி வெயிலில் நடக்கவும் சலியாதிருத்தல் வேண்டும்.

தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் மகனை நோக்கி, "எங்கள் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் எத்தனை அடி இருக்க வேண்டும், தம்பி?" என்றார். அவன் எம்மைப் பார்த்தான். அது அடியிலுள்ள பாறையைப் பொறுத்தது. கற்று வந்து அவனே அளந்து சொல்லட்டும் என வாழ்த்தி அனுப்பினோம்.